கிரெடிட் கார்டு பில்லில் எந்தக் கட்டணம் எதனால் வருகிறது? முதல் கார்டு வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், உங்களுக்கு கார்டு ப்ரீ அப்ரூவ்டு ஆகியிருக்கு. லைஃப்டைம் ஃப்ரீ சார். ஆதார், பேன் ரெண்டும் இருந்தா போதும்." கார்டு வாங்குவதில் தவறு எதுவும் இல்லை. முறையாகப் புழங்குகிறவருக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் வரை வட்டியில்லாமல் வங்கியின் பணம் கையில் இருக்கும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்பதைக் காட்டும் சிபில் ஸ்கோரும் ஏறும்.

ஆனால் வருடம் திரும்பியதும் பில்லை போனில் திறந்து நீட்டி, "இது எதுக்குப் போட்டிருக்காங்க?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய. பெரும்பாலும் முதல் வேலையில் இருக்கிற பிள்ளைகள். எந்தச் செயலுக்கு எந்தக் கட்டணம் விழும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நிபந்தனைகளில் அது சிறிய எழுத்தில் எங்கோ இருக்கும். அதனால் கார்டுக்கு விண்ணப்பிப்பதில் தொடங்கி அதை மூடுவது வரை வரிசையாகச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் சதவீதங்கள் இந்தியாவின் பெரிய வங்கிகளில் வழக்கமாக இருப்பவை. உங்கள் கார்டுக்கு ஒன்றிரண்டு எண்கள் மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

விண்ணப்பிக்கும் முன்

விண்ணப்பத்துடன் ஒரு பக்கத்தில் முக்கியத் தகவல் தாள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. வட்டி விகிதமும் கட்டணங்களும் அதில் இருக்கும். விற்பனையாளர் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இதைவிட விரிவானது, எம்ஐடிசி என்று வங்கிகள் அழைக்கும் முக்கிய நிபந்தனைகள் ஆவணம். வங்கியின் இணையதளத்தில் கிடைக்கும். முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லை என்றால் கட்டண அட்டவணை இருக்கும் பக்கத்தை மட்டுமாவது சேமித்து வையுங்கள்.

போனில் பேசுகிறவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? எவ்வளவு செலவு செய்தால் அது தள்ளுபடி ஆகும்? எந்தெந்தச் செலவுகள் அந்தக் கணக்கில் சேராது? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வராது. ஆனால் வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. "வருஷத்துக்கு ஒரு லட்சம் செலவு பண்ணினா ஃபீஸ் கிடையாது" என்பார்கள். பெட்ரோல், வாடகை, வாலட்டில் போட்ட பணம், இஎம்ஐ ஆக மாற்றிய செலவு ஆகியவற்றைப் பல கார்டுகள் அந்த ஒரு லட்சத்தில் சேர்ப்பதில்லை. இன்னொன்று, இங்கே வருடம் என்பது கார்டு வழங்கப்பட்ட மாதத்திலிருந்து கணக்கிடும் 12 மாதம். ஜனவரியிலிருந்து டிசம்பர் என்று நினைத்துச் செலவு செய்தால் கணக்கு தவறிவிடும்.

"லைஃப்டைம் ஃப்ரீ" என்று சொன்னால் வங்கியின் மெயில் முகவரியிலிருந்து அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்தி பின்னால் உதவாது. முதல் வருடம் மட்டும் இலவசம் என்பதையும் சிலர் இதே வார்த்தையில் விற்கிறார்கள்.

நீங்கள் கேட்காமலே கார்டு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கேட்காத கார்டு கொடுக்க வங்கிக்கு அனுமதி இல்லை. கொடுத்து, அதற்குக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப்போல இரண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தர வேண்டும். கார்டு வழங்கி 30 நாளுக்கு மேல் ஆகியும் நீங்கள் அதை இயக்கவில்லை என்றால் வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் 7 வேலை நாளுக்குள் செலவில்லாமல் மூட வேண்டும். ஆகவே தேவையில்லாத கார்டுக்கு வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், எங்கும் போடாதீர்கள்.

கார்டு கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை

வங்கிச் செயலியைத் திறந்து கார்டு அமைப்புகளுக்குப் போங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள், தேவைப்படும்போது இயக்கிக்கொள்ளலாம். ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வசதியை அணையுங்கள், அல்லது அதன் வரம்பை பூஜ்யமாக்குங்கள். கார்டு வரம்பைத் தாண்டிச் செலவு செய்யும் வசதிக்குச் சம்மதம் கேட்டால் மறுத்துவிடுங்கள். வரம்பைத் தாண்டினால் ஓவர்லிமிட் கட்டணம் விழும். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைப் போடக் கூடாது என்பதும் விதி.

அடுத்து, பில் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஆட்டோ பே. இதை அமைக்கும்போது செயலி இரண்டு தேர்வுகள் காட்டும்: டோட்டல் ட்யூ (பில்லின் முழுத் தொகை), மினிமம் ட்யூ (கெடு நாளுக்குள் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை). டோட்டலைத் தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் மினிமம் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும், அதைக் கவனிக்காமல் 'சரி' அழுத்திவிட்டு, மாதாமாதம் முழுப் பணமும் போகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆட்டோ பே எடுக்கும் நாளில் சேமிப்புக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பிய தொகையில் ஏறக்குறைய 2 சதவீதம், குறைந்தது 450 அல்லது 500 ரூபாய் என்று கார்டு வங்கி போடும். சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கி தன் பங்குக்கு வேறு போடும்.

உங்கள் சம்பளம் 1-ம் தேதி வருகிறது, கார்டின் கெடு நாள் 27 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் கையில் பணம் தீரும் நேரத்தில் பில் கட்ட வேண்டியிருக்கும். பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. சம்பளம் வந்த ஒரு வாரத்துக்குள் கெடு நாள் வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். தவணை தவறுவதில் பாதி இதனாலேயே நின்றுவிடும்.

வட்டி எப்படி ஏறுகிறது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்ற கட்டணங்கள் எல்லாம் நூறு, ஐநூறில் முடிபவை. குடும்பங்களை அழுத்துவது இதுதான்.

கார்டுகளின் வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் மூன்றரை வட்டி. வருடத்துக்கு 42 சதவீதம். தனியாரிடம் மூன்று வட்டிக்கு வாங்கக் கூசுகிறவர்கள்கூட கார்டில் மூன்றரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, சட்டம் வந்து இந்த வட்டியைக் குறைக்கும் என்று காத்திருக்க முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி உருவாகிறது. கட்ட வேண்டிய கடைசி நாள் 30. ஏப்ரல் 12 அன்று 40,000 ரூபாய்க்கு டிவி வாங்கி கார்டைத் தேய்க்கிறீர்கள். மே 10 பில்லில் டோட்டல் ட்யூ 40,000, மினிமம் ட்யூ 2,000 என்று வருகிறது. மே 30-க்குள் 40,000 கட்டிவிட்டால் ஒரு பைசா வட்டி இல்லை. 48 நாள் இலவசமாகக் கிடைத்தது.

"இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம்" என்று மே 30 அன்று 2,000 மட்டும் கட்டுகிறீர்கள். வட்டி மே 30-லிருந்து ஆரம்பிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. டிவி வாங்கிய ஏப்ரல் 12-லிருந்தே ஆரம்பிக்கிறது. 40,000 ரூபாய்க்கு 48 நாளுக்கு வட்டி 2,209 ரூபாய். மீதி 38,000-க்கு மே 30 முதல் ஜூன் 10 வரை 11 நாளுக்கு 481. இரண்டும் சேர்ந்து 2,690. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 484. மொத்தம் 3,174 ரூபாய்.

ஜூன் 10 பில் என்ன காட்டும்? 41,174. இரண்டாயிரம் கட்டிய பிறகு கடன் 40,000-ஐவிட அதிகமாகிவிட்டது.

வட்டிக்கு ஜிஎஸ்டியா என்று கேட்பீர்கள். வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அதனால் 42 சதவீதம் என்பது உங்கள் பையிலிருந்து போகும்போது ஏறக்குறைய 49.5 சதவீதம்.

இதோடு முடியவில்லை. பாக்கி இருக்கும் வரை புதிதாகத் தேய்க்கும் எதற்கும் இலவச நாட்கள் கிடையாது. ஜூனில் மளிகைக்கு 3,000 ரூபாய் தேய்த்தால் அன்றிலிருந்தே அதற்கும் வட்டி. ஆகவே ஒரு மாதம் முழுத் தொகை கட்ட முடியவில்லை என்றால், பாக்கி முழுவதும் தீரும் வரை அந்த கார்டை வெளியே எடுக்காதீர்கள்.

500 ரூபாய் குறைவாகக் கட்டினாலும் இதே கதைதான். 40,000-க்கு 39,500 கட்டினால் பாக்கி 500-க்குத்தான் வட்டி என்று தோன்றும். பல வங்கிகளின் நிபந்தனைப்படி, கட்டிய நாள் வரைக்கும் முழு 40,000-க்கும் வட்டி கணக்காகும். மேலே பார்த்த 2,209 அப்படியே வந்து நிற்கும். பில்லில் பைசா வரை உள்ள தொகையைக் கட்டுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்தத் தவறு எளிதாக நடக்கும். "ரீஃபண்டு வந்துரும், அதைக் கழிச்சுட்டுக் கட்டுவோம்" என்று நினைக்கக் கூடாது. ரீஃபண்டு கார்டுக் கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கழிக்கலாம். கெடு நாளுக்குள் விழவில்லை என்றால் பில் தொகையை முழுதாகக் கட்டிவிடுங்கள். பின்னால் வரும் ரீஃபண்டு அடுத்த பில்லில் கழிந்துகொள்ளும்.

முழுதாகக் கட்ட உண்மையிலேயே வழியில்லை என்றால் மினிமம் ட்யூவில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக் கடன் பொதுவாக மாதம் ஒரு வட்டியை ஒட்டித்தான் இருக்கும். அதை எடுத்து கார்டை அடையுங்கள். அதுவும் இல்லையென்றால் கார்டு பாக்கியையே இஎம்ஐ ஆக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கான வட்டி பெரும்பாலும் மூன்றரை வட்டியில் பாதிக்கும் குறைவு. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மினிமம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்துக்கு இந்த விலை கொடுக்காதீர்கள், அப்பா அம்மாவிடமோ அண்ணனிடமோ சொல்லிவிடுங்கள்.

தாமதக் கட்டணம்

கெடு நாள் தாண்டினால் லேட் ஃபீ. பாக்கியைப் பொறுத்து 100 ரூபாயிலிருந்து 1,300 ரூபாய் வரை படிப்படியாகப் போகும், மேலே ஜிஎஸ்டி. கெடு நாளிலிருந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் இதைப் போடலாம், சிபிலுக்கும் அப்போதுதான் தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. இந்த மூன்று நாளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது நாள் ஆகிவிட்டால் கணக்கு கெடு நாளிலிருந்தே ஓடும். வேறு செயலி வழியாகக் கட்டும் பணம் கார்டுக் கணக்கில் சேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால், கையால் கட்டுகிறவர்கள் மூன்று நாள் முன்பே கட்டிவிடுங்கள்.

கார்டில் பணம் எடுப்பது

வேண்டவே வேண்டாம். கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் 10,000 எடுத்து 20 நாளில் திருப்பிக் கட்டினால்: கட்டணம் 2.5 சதவீதம் அல்லது குறைந்தபட்சம் 500 ரூபாய், ஆக 500. அதற்கு ஜிஎஸ்டி 90. எடுத்த நாளிலிருந்தே வட்டி, 20 நாளுக்கு 230. அதற்கு ஜிஎஸ்டி 41. ஆக 861 ரூபாய். இலவச நாட்கள் பணம் எடுப்பதற்கு ஒருபோதும் கிடையாது.

நோ காஸ்ட் இஎம்ஐ

தீபாவளி, ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஷோரூம்களில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். 30,000 ரூபாய் போன், மாதம் 5,000 வீதம் ஆறு மாதம், வட்டி இல்லை. உள்ளே நடப்பது இது: வங்கி 16 சதவீத வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத வட்டி ஏறக்குறைய 1,351. அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறது. அதனால் வட்டி உங்களுக்குத் தெரியாது. ஆனால் வங்கியின் கணக்கில் வட்டி இருக்கிறது, எனவே அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 243 ரூபாய் உங்கள் பில்லில் தவணை தவணையாக வரும். ப்ராசஸிங் ஃபீ 199, அதற்கு ஜிஎஸ்டி 36. மொத்தம் 478 ரூபாய் கூடுதல்.

478 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆறு மாதம் அவகாசம் தேவைப்படுகிறவருக்கு அது நியாயமான விலை என்றே சொல்வேன். கேட்க வேண்டியது இன்னொன்று: "முழுப் பணமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" கடைக்காரர் 1,500 குறைத்தால், உங்கள் இஎம்ஐயின் உண்மையான செலவு 1,978. வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும், வட்டியை மறைத்துவிட்டு நோ காஸ்ட் என்று காட்டக் கூடாது என்பது விதி. தேய்ப்பதற்கு முன் அந்தத் திரையைக் கேட்டுப் பாருங்கள்.

பாதியில் முடிக்க நினைத்தால் மீதி அசலில் 3 சதவீதம் வரை முன்கூட்டி முடிக்கும் கட்டணம் கேட்பார்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் இஎம்ஐ தானாக ரத்தாகாது. ரீஃபண்டு வந்ததும் வங்கிக்கு போன் செய்து இஎம்ஐயை ரத்து செய்யச் சொல்ல வேண்டும்.

"உங்க போன மாசச் செலவை இஎம்ஐயா மாத்திடட்டுமா சார்?" என்று வரும் அழைப்புக்கு "ம்", "சரி" என்று பாதிக் கவனத்தில் பதில் சொல்லாதீர்கள். அந்த அழைப்பு பதிவாகிறது.

வெளிநாட்டுச் செலவு

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களும், வெளிநாட்டு இணையதளத்தில் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான கார்டுகள் அந்நியச் செலாவணி மார்க்கப் என்று 3.5 சதவீதம் சேர்க்கின்றன. 10,000 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு 350, ஜிஎஸ்டி 63, ஆக 413. அடிக்கடி பயணம் செய்பவர்கள் மார்க்கப் குறைவான, அல்லது மார்க்கப்பே இல்லாத கார்டு ஒன்று தனியாக வைத்திருப்பது நல்லது.

சிங்கப்பூர்க் கடையில் கார்டைச் செருகியதும் இயந்திரம் கேட்கும்: சிங்கப்பூர் டாலரா, இந்திய ரூபாயா? ரூபாயில் பார்த்தால் நமக்குப் புரியும் என்று பலரும் ரூபாயை அழுத்துகிறார்கள். அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடையின் பக்கத்தில் இருக்கும் நிறுவனம். அந்த விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். அதன் மேல் நம் வங்கியும் 1 சதவீதம் போல ஒரு கட்டணம் போடலாம். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

ஊரில் உட்கார்ந்து ரூபாயில் கட்டினாலும் இது வரலாம். விற்பவர் வெளிநாட்டில் பதிவு செய்தவராக இருந்தால், விலை ரூபாயில் இருந்தாலும் பல வங்கிகள் அந்த 1 சதவீதத்தைப் போடுகின்றன. மென்பொருள் சந்தா, ஹோட்டல் முன்பதிவு போன்றவற்றில் இதைப் பார்க்கலாம்.

சில்லறைக் கட்டணங்கள்

பெட்ரோலுக்கு 1 சதவீத சர்சார்ஜ் உண்டு. கார்டைப் பொறுத்து 400 அல்லது 500 ரூபாய்க்கு மேல் போட்டால் சர்சார்ஜைத் திருப்பித் தருவார்கள், அதன் ஜிஎஸ்டியைத் தர மாட்டார்கள். டூ வீலருக்கு 200 ரூபாய்க்குப் போடுகிறவருக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. சில வங்கிகள் குறைந்தபட்சம் 10 ரூபாய் என்று வைத்திருப்பதால் அந்த 200-க்கு 5 சதவீதம் போய்விடும். அங்கே யுபிஐயோ ரொக்கமோ கொடுங்கள்.

வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, செயலி வழியாகப் பள்ளி, கல்லூரிக் கட்டணம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் மின்கட்டணம் போன்றவற்றுக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் வாங்குகின்றன. செயலியின் சேவைக் கட்டணம் தனி. பள்ளியின் சொந்த இணையதளத்தில் நேராகக் கட்டினால் பெரும்பாலும் வங்கியின் 1 சதவீதம் வராது. ரிவார்டு பாயின்ட்டைப் பொருளாக மாற்ற 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் கேட்கும் வங்கிகள் உண்டு. 150 ரூபாய் மதிப்புள்ள கூப்பனுக்காக 117 ரூபாய் கொடுக்காதீர்கள். பாயின்ட் காலாவதி ஆகாது என்றால் சேர்த்து வைத்து ஒரே தடவையில் மாற்றுங்கள்.

கடையில் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா" என்றால் பில்லில் அது தனியாக வருகிறதா என்று பாருங்கள், யுபிஐயில் கொடுத்துவிட்டு வாருங்கள். நகைக் கடையில் இரண்டு லட்சத்துக்கு இரண்டு சதவீதம் 4,000 ரூபாய். எந்த ரிவார்டு பாயின்ட்டும் அதை ஈடு செய்யாது.

நீங்கள் கேட்காமல் ஒட்டிக்கொள்பவை

கார்டு பாதுகாப்புத் திட்டம், கார்டு பாக்கிக்கான காப்பீடு, கூடுதல் கார்டு ஆகியவற்றின் கட்டணங்கள் வருடத்துக்கு ஒரு முறை சத்தமில்லாமல் பில்லில் வரும். காப்பீட்டை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. முதல் மாதம் இலவசம் என்று கார்டு எண் கொடுத்த சந்தாக்களும் இதே வகை. சந்தாத் தொகை எடுப்பதற்கு 24 மணி நேரம் முன் வங்கி செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியில் நிறுத்துவதற்கான வழியும் இருக்கும். விளம்பரச் செய்தி என்று நினைத்துத் தள்ளிவிடாமல் படியுங்கள். செயலியில் இ-மேண்டேட் பகுதியைத் திறந்தால் உங்கள் கார்டில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாச் சந்தாக்களும் தெரியும்.

கட்டணங்களை மாற்றும்போது வங்கி குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். மாற்றம் பிடிக்கவில்லை என்றால் பாக்கியைக் கட்டிவிட்டு, கூடுதலாக எதுவும் தராமல் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த அறிவிப்புகள் மெயிலில் வரும். வங்கி மெயில்களை விளம்பரப் பெட்டிக்குப் போகவிடாதீர்கள்.

பில்லைப் படிப்பது

மாதம் ஒரு முறை, பத்து நிமிடம். பிடிஎஃப் பில்லைத் திறந்ததும் தொகைக்குப் போகாமல் பரிவர்த்தனைப் பட்டியலுக்குப் போங்கள். அதில் கடைப் பெயர் இல்லாத வரிகளை மட்டும் தேடுங்கள். 'ஃபைனான்ஸ் சார்ஜஸ்' என்றால் வட்டி. 'லேட் பேமென்ட் ஃபீ', 'கேஷ் அட்வான்ஸ் ஃபீ' (கார்டில் பணம் எடுத்ததற்கு), 'மார்க்கப் ஃபீ', 'மெம்பர்ஷிப் ஃபீ' (ஆண்டுக் கட்டணம்) ஆகியவற்றுக்கு மேலே விளக்கம் பார்த்துவிட்டோம். 'ஐஜிஎஸ்டி' என்றோ, 'சிஜிஎஸ்டி', 'எஸ்ஜிஎஸ்டி' என்று இரண்டாகவோ வருவது வரி.

இந்த ஜிஎஸ்டி வரிதான் நல்ல துப்பு. பொருள் வாங்கியதற்கான ஜிஎஸ்டி கடை பில்லில் முடிந்துவிடும், கார்டு பில்லில் தனியாக வராது. எனவே கார்டு பில்லில் ஜிஎஸ்டி வரி ஒன்று இருந்தால், வங்கி உங்களிடம் ஏதோ ஒரு கட்டணமோ வட்டியோ வாங்கியிருக்கிறது. அந்தத் தொகையை (இரண்டாகப் பிரிந்து வந்தால் இரண்டையும் கூட்டி) 0.18-ஆல் வகுத்தால் எவ்வளவு கட்டணத்துக்கான வரி என்று தெரிந்துவிடும். 89.82 என்று இருந்தால் கட்டணம் 499. பட்டியலில் 499 எங்கே என்று தேடுங்கள். சில நேரம் கட்டணம் போன மாதப் பில்லிலும் வரி இந்த மாதத்திலும் இருக்கும்.

தவறாகப் போட்ட கட்டணத்தைத் திரும்பப் பெறுவது

முதலில் வாடிக்கையாளர் சேவைக்கு போன். கோபப்பட வேண்டாம், எதிரில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் இன்னொரு பிள்ளை. "மேடம், மூணு வருஷமா ஒரு தடவைகூட தவறாமக் கட்டுறேன். இந்த ஒரு மாசம் ஆட்டோ பே போகலை. லேட் ஃபீயையும் அதோட ஜிஎஸ்டியையும் ரிவர்ஸ் பண்ண முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். முதல் முறை தவறியவர்களுக்கு லேட் ஃபீயை வங்கிகள் பல நேரம் விட்டுக்கொடுக்கின்றன. ஆண்டுக் கட்டணத்துக்கும் இதே வழி. "கார்டை மூடிடலாம்னு இருக்கேன்" என்றால் தள்ளுபடியோ, செலவு இலக்கோ கொடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ளும் முன் அந்த இலக்கு உங்கள் வழக்கமான செலவுக்குள் அடங்குமா என்று பாருங்கள்.

போனில் முடியவில்லை என்றால் மெயில். இப்படி எழுதினால் போதும்:

"என் கார்டின் கடைசி நான்கு எண்கள் இவை. இந்தத் தேதியிட்ட பில்லில் கார்டு பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் இவ்வளவு ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்க்கப்பட்டுள்ளன. இதற்கு நான் சம்மதம் தரவில்லை. சம்மதம் தந்ததாக உங்களிடம் பதிவு இருந்தால் அதை அனுப்புங்கள். இல்லையெனில் கட்டணத்தையும் வரியையும், இதனால் விழுந்த வட்டி இருந்தால் அதையும் திருப்பித் தாருங்கள். புகார் எண் கொடுங்கள்."

புகார் எண் முக்கியம். 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் பதியலாம், சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. அங்கே முதலில் கேட்பது வங்கியிடம் எப்போது புகார் செய்தீர்கள் என்பதைத்தான். எழுத்தில் புகார் செய்யாமல் போனில் மட்டும் பேசியவர்களின் மனு அங்கேயே நின்றுவிடும்.

கார்டை மூடும்போது

பயன்படுத்தாத கார்டை டிராயரில் போட்டு வைப்பது மூடியதாகாது. ஆண்டுக் கட்டணம் விழும், அதைக் கட்டாததற்கு லேட் ஃபீ விழும், கடைசியில் சிபிலில் கரும்புள்ளி விழும். 590 ரூபாய் கட்டணம் இப்படி வளர்ந்து வீட்டுக் கடன் விண்ணப்பத்தை நிறுத்தியது உண்டு.

முதலில் ரிவார்டு பாயின்ட்டைப் பயன்படுத்திவிடுங்கள். சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். பாக்கியை, இன்னும் பில்லில் வராத செலவையும் சேர்த்து, பூஜ்யமாக்குங்கள். பிறகு செயலியிலோ மெயிலிலோ மூடச் சொல்லுங்கள். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. பாக்கி இல்லாதபோது 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அதனால் கோரிக்கை அனுப்பிய நாள் தெரியும்படி மெயிலை வைத்திருங்கள்.

மூடியதும், பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி தரும் நோ ட்யூஸ் கடிதம் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து அந்த கார்டு 'க்ளோஸ்டு' என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் காட்டுகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். இன்னும் பாக்கி காட்டினால் நோ ட்யூஸ் கடிதத்தை இணைத்து வங்கிக்கும் சிபிலுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.